பின்சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் தமிழ் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



பகல் முழுவதும் ஆபீஸிலோ ஆஸ்பத்திரியிலோ உழைத்துவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு வீட்டை ஒட்டிய கொட்டகைக்குள் புகுந்து, குளிரையும் வீட்டாரின் முணுமுணுப்பையும் பொருட்படுத்தாமல் ஒரு காரைத் தம் கையாலேயே கட்டி முடித்து, அதற்குச் சர்க்கார் அனுமதியும் பெற்று, வீதியில் ஓட்டியும் காட்டிவிட்டவர்கள் நீங்கள். உங்களுக்குப் புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டென்று நான் எண்ணவில்லை. ஆயினும் சமீப காலமாக உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றாக இருப்பதாலும், அந்தக் கேள்வி தலைகீழாகக் கேட்கப்படுவதாக எனக்குத் தோன்றுவதாலும், தனித்தனியே பதில் எழுதுவதைக் காட்டிலும் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு மடல் எழுதிவிடுவது உசிதமென்று துணிந்தேன். கேள்வி இதுதான்: "பழைய ஃபோர்டு என்ஜினை இறக்கிவிட்டு வேறு என்ஜின் ஏற்றப் போகிறேன், எதற்குக் குதிரைசக்தி அதிகம்?"

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என்ஜினைப் பற்றிய யோசனையைக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். பின்சக்கரத்தில் தொடங்கி, அச்சு, பிரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர் பாக்ஸ், கிளட்ச் என்று ஒவ்வொரு படியாக முன்னோக்கி நடந்து வாருங்கள். அவ்வாறு வண்டியின் மூக்கை வந்து அடைவதற்குள், உங்கள் காருக்கு உகந்த என்ஜின் எது என்பது பெரும்பாலும் தீர்மானமாகியிருக்கும்.

என்ஜின் மாற்றும் ஆசையை நான் குறை கூறுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். நீங்கள் கட்டியிருக்கும் காரின் பூர்வோத்தரமே என்ஜின் மாற்றங்களின் சரித்திரந்தான். 1957-ஆம் ஆண்டில் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்ற சின்னஞ்சிறு காரை வெளியிட்டபோது, முழுக் காராக வாங்குகிறவன் கட்டவேண்டிய கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளுகிறவனுக்கு இல்லை என்ற சலுகை, அதன் விற்பனைக்குப் பெருந்துணையாக இருந்தது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை மறைந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமையும் கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. சலுகை போன பிறகும் ஆசை போகவில்லை. 1996-இல் ரான் சாம்பியன் எழுதி வெளிவந்த நூல், வெறும் 250 பவுன் செலவில் செவனைப் போன்ற ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தானே கட்டிக்கொள்ள முடியும் என்று அறைகூவி, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் என்ஜினையும் அச்சையும் ஓர் அங்குலச் சதுரக் குழாய்களால் பற்றவைத்த சட்டத்தில் பொருத்தும் வழியைச் சொல்லிக் கொடுத்தது. 'லோகாஸ்ட்' என்று நீங்கள் அழைக்கும் கார்களுக்கு அதுவே மூலநூல். செவனின் ஆரம்பகால வண்டிகளில் இருந்த 1,172 சி.சி. சைடு வால்வு ஃபோர்டு என்ஜினுக்குப் பின்னர், கவென்ட்ரி கிளைமாக்ஸும், பி.எம்.சி.யும், காஸ்வொர்த் கைவண்ணம் பெற்ற ஃபோர்டும் அந்த இடத்தில் அமர்ந்தன. கேட்டர்ஹாம் காலத்தில் வாக்ஸ்ஹாலும் ரோவரும் வந்து போயின. ஆகவே, பரம்பரையில் இல்லாத காரியம் எதையும் நீங்கள் செய்யப் போவதில்லை.

செய்யவேண்டிய நிர்ப்பந்தமும் வந்துவிட்டது. உங்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது 1967-இல் பிறந்த ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ என்ஜின். அதைத் தாங்கிய இரண்டாம் தலைமுறை எஸ்கார்ட்டின் உற்பத்தி 1980-இலேயே நின்றுவிட்டபடியால், நல்ல பாகங்கள் வரவர அரிதாகி, கிடைப்பவற்றின் விலையும் ஏறிவிட்டது. மறுபக்கத்திலோ 1989-இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 கார்கள், அடிப்புறம் துருப்பிடித்து, ஆனால் என்ஜினும் கியர் பாக்ஸும் திடமாக, பழைய வண்டி உடைக்கும் இடங்களில் வந்து விழுகின்றன. 1,597 சி.சி. கொண்ட அதன் முதல் என்ஜின் தரும் ஏறத்தாழ 115 குதிரைசக்தி, 950 கிலோ எடையுள்ள சொந்தக் காரிலேயே உற்சாகமாக ஓடுமென்றால், 550 கிலோ எடையுள்ள உங்கள் காரில் என்ன செய்யும் என்று கணக்குப் போடாத மனம் எது? இந்த மாற்றத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு, நான் சொன்ன வரிசையில் பின்னாலிருந்து புறப்படுவோம்.

முதலாவது, அச்சின் விகிதம். பழைய எஸ்கார்ட் அச்சுகள் பல விகிதங்களில் வந்தன. விற்றவர் சொன்ன எண்ணை வேதவாக்காகக் கொள்ளவேண்டாம். கியரை நியூட்ரலில் விட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். சக்கரத்திலும் ஷாஃப்ட்டிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். மற்ற சக்கரம் தரையில் அசையாமல் நிற்க, அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே உங்கள் அச்சின் விகிதம். நான்குக்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தால் 3.89 என்று கொள்ளலாம். இந்த ஒரு காரியத்துக்குக் கால்மணி நேரங்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் கியர் பாக்ஸ் வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும்.

இனிக் கணக்கு. 185/60 அளவுள்ள 13 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.73 மீட்டர் தூரம் உருளும். பழைய நான்கு கியர் பாக்ஸின் உச்ச கியர் நேர் கியர், அதாவது ஒன்றுக்கு ஒன்று, ஆகையால் 3.89 அச்சோடு என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது வண்டியின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். மோட்டார்வேயில் சட்டம் அனுமதிக்கும் 70 மைல், அதாவது 112 கிலோமீட்டர் வேகத்தில், என்ஜின் 4,200 சுற்றுக்கு அருகில் அலறிக்கொண்டிருக்கும். மாஸ்டா பாக்ஸின் ஐந்தாவது கியரின் விகிதம் 0.814, அதே அச்சும் அதே டயரும் இருக்க, அதே 112 கிலோமீட்டருக்கு என்ஜின் 3,400 சுற்றோடு அமைதி கொள்ளும். நீண்ட பிரயாணத்தின் முடிவில் உங்கள் காதில் ரீங்காரம் இருக்குமா இராதா என்பதைத் தீர்மானிப்பது குதிரைசக்தியா, இந்த எண்ணா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது, பிரொப்பெல்லர் ஷாஃப்ட். மாஸ்டா பாக்ஸின் வாலுக்குள் நுழையும் யோக் மாஸ்டாவுடையதாகவும், அச்சில் முடுக்கும் ஃபிளாஞ்ச் ஃபோர்டுடையதாகவும் இருக்கவேண்டியிருப்பதால், புதிய ஷாஃப்ட் ஒன்றைச் செய்வித்தே ஆகவேண்டும். நீளத்தை அளப்பதில் அவசரம் கூடாது. ஓட்டுநர் ஆசனத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து, வண்டி தன் சகஜமான உயரத்தில் நிற்கும்போது அளக்கவேண்டும். பின்னச்சு மேலும் கீழும் ஆடும்போது யோக் உள்ளே போய் முட்டாமலும், வெளியே வந்து பிடிமானம் இழக்காமலும் இருக்க இருபுறமும் இடம் விடவேண்டும். அதைவிட முக்கியம் கோணம். யூனிவர்சல் ஜாயிண்ட் சாய்ந்து சுழலும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தயங்கும். மறுமுனையிலுள்ள ஜாயிண்ட் அதே அளவு சாய்ந்திருந்து, இரண்டின் கவைகளும் ஒரே தளத்தில் அமைந்திருந்தால், ஒன்றின் தயக்கத்தை மற்றொன்று ஈடுகட்டிவிடும். ஆகையால் கியர் பாக்ஸின் வெளிவரும் ஷாஃப்ட்டும் அச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். உங்கள் வண்டியில் ஷாஃப்ட் மிகவும் குட்டையானது. பெரிய காரில் கவனத்துக்கே வராத அரை அங்குல உயர வித்தியாசம், இங்கே கணிசமான கோணமாகிவிடும். அதற்காகக் கோணமே இல்லாமல் நேர்கோட்டில் வைத்துவிடுவதும் தவறு. ஜாயிண்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் சற்றே அசைந்து உருளாவிட்டால், ஒரே இடத்தில் அழுந்திக் குழி விழுந்துவிடும்.

மூன்றாவதாக வரும் கியர் பாக்ஸ்தான் இந்த மடலின் மையம். உங்களில் சிலர் ஃபோர்டு சியராவின் டைப் 9 என்னும் ஐந்து கியர் பாக்ஸை உத்தேசித்திருக்கிறீர்கள். எளிதில் பழுது பார்க்கத்தக்க நல்ல பெட்டிதான். ஆனால் அதன் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. கனமான குடும்பக் காரை மேட்டில் இழுத்துக் கிளப்புவதற்காக வகுத்த முதல் கியர், 550 கிலோ வண்டியில் போட்ட மாத்திரத்தில் தீர்ந்துபோகும்; 6,000 சுற்றில் இரண்டாவதுக்கு மாற்றினால் என்ஜின் 3,240-க்கு அருகில் விழுந்துவிடும். மாஸ்டாவில் முதல் கியர் 3.136, இரண்டாவது 1.888, அதே 6,000-இலிருந்து மாற்றும்போது 3,600-க்கு மேலேயே நிற்கும். சாதாரண மனிதனுக்கு அற்பமாகத் தோன்றும் இந்த 370 சுற்று வித்தியாசம், உயர்ந்த சுற்றில் உயிர் பெறும் சிறு என்ஜினுக்கு ஜீவாதாரமானது.

விகிதங்கள் இவ்வளவு பொருந்தியும், மாஸ்டா பாக்ஸில் புதியவர்களைத் திகைக்கவைக்கும் விசேஷம் ஒன்று உண்டு. அதன் சொந்தக் காரில் கியர் பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியல் கூட்டையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று பிணைத்துக்கொண்டிருக்கிறது. பெட்டியின் வால் அந்தச் சட்டத்தில்தான் தொங்குகிறது. சாஸியில் முடுக்குவதற்கென்று மற்றப் பெட்டிகளுக்கு இருப்பதுபோன்ற ரப்பர் மவுண்டிங் அதற்குக் கிடையாது. உங்கள் வண்டியிலோ மேலும் கீழும் ஆடும் பின்னச்சு இருப்பதால் அந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லை. ஆகவே சட்டம் முடுக்கியிருந்த அதே புடைப்புகளில் ஒரு பிராக்கெட் செய்து பூட்டி, அதன் கீழே ரப்பர் வைத்து, டனலுக்குக் குறுக்கே ஒரு தாங்கியின்மேல் அதை உட்காரவைக்கவேண்டும். தாங்கியைக் குழாயின் நடுவில் வெறுமனே பற்றவைத்துவிடாமல், குழாய்கள் கூடும் முனைகளில் பாரம் இறங்கும்படி அமைப்பதே இந்தச் சட்டக்கூட்டின் தர்மம். அந்தத் தாங்கி கழற்றக்கூடியதாக இருந்தால், பின்னாளில் கிளட்ச் மாற்றவேண்டி வரும்போது உங்களை நீங்களே வாழ்த்திக்கொள்வீர்கள். கியர் லீவர் எந்த இடத்தில் வெளிவருகிறது, உங்கள் முழங்கை எங்கே இருக்கும், டனலின் அகலம் பெட்டிக்குப் போதுமா என்பவற்றையெல்லாம், காலி கியர் பாக்ஸ் கூடு ஒன்றை வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

நான்காவது, கிளட்ச். கியர் பாக்ஸையும் என்ஜினையும் ஒரே காரிலிருந்து ஜோடியாக எடுக்கும் புத்திசாலிக்கு இங்கே பாதித் தொல்லை இல்லை. பெல் ஹவுஸிங்கின் போல்ட்டுத் துளைகளும், கிளட்ச் தட்டின் பற்களும், ஸ்டார்ட்டரின் இடமும் முன்பே பொருந்தியிருக்கும். ஓர் என்ஜினையும் அதற்கு அந்நியமான பெட்டியையும் இணைக்கத் துணிகிறவர், நடுவில் வைக்கும் தட்டுக்கு நல்ல துளைகள் போட்டால் போதும் என்று எண்ணிவிடக்கூடாது. கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் பெட்டிக்குள் நுழையும் ஷாஃப்ட்டின் மையமும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குக்குள் ஒன்றியிருக்கவேண்டும். டயல் கேஜைப் பிளைவீலில் காந்தத்தால் நிறுத்தி, முள் பெல் ஹவுஸிங்கின் உள்வட்டத்தைத் தொட்டுக்கொண்டு வர, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பதே பிரத்தியட்ச சோதனை. மேலும், ஃபோர்டு ஸீடெக்கைப்போல முன்சக்கரக் கார்களில் குறுக்காகப் படுத்திருந்த என்ஜின்களை நெடுக்காகத் திருப்பி டைப் 9 பெட்டியோடு பூட்டும்போது, உள்ளே வரும் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங்கை கிராங்கின் பின்முனையில் மறவாமல் அமர்த்தவேண்டும். பழைய இடத்தில் அந்த என்ஜினுக்கு அது தேவைப்பட்டதில்லை. மாஸ்டா ஜோடியில் இந்தக் கவலை இல்லை. ஆனால் எஸ்கார்ட்டின் கேபிள் கிளட்ச் போய் ஹைட்ராலிக் கிளட்ச் வருவதால், ஏற்கெனவே இரண்டு காலணிகளுக்கே இடம் போதாத உங்கள் பெடல் பெட்டியில் இன்னொரு மாஸ்டர் சிலிண்டருக்கு இடம் தேடவேண்டும்.

இவ்வளவும் கடந்த பிறகே என்ஜின். அது எவ்வளவு பின்னால் அமர்கிறதோ அவ்வளவு நல்லது என்று எடைப் பங்கீடு சொல்லும். பின்னால் தள்ள இடமில்லை என்று ஃபயர்வால் சொல்லும். மாஸ்டாவின் முதல் தலைமுறை என்ஜினில் இக்னிஷன் காயிலும் கேம் சென்ஸாரும் சிலிண்டர் ஹெட்டின் பின்முதுகில் இருப்பதால், அவற்றைக் கழற்றி மாட்டக் கை நுழையும் இடமாவது விடவேண்டும். அடியில் ஆயில் சம்ப் சாஸியின் கீழ்க் குழாய்க்குக் கீழே தொங்கினால், அதை வெட்டி ஆழம் குறைத்து, அகலம் கூட்டி, வளைவுகளில் எண்ணெய் ஒருபுறம் ஓடிப் பம்பு காற்றை உறிஞ்சாதபடி உள்ளே தடுப்புகள் வைத்துப் பற்றவைக்கவேண்டும். அப்பொழுது பம்பின் உறிஞ்சு குழாயையும் குறுக்கவேண்டியிருக்கும். அந்தக் குழாயின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டையை எடுத்துச் சம்பின் தரையில் ஒட்டி, கேஸ்கட்டோடு சம்பை ஏற்றி முடுக்கி, மறுபடி இறக்கிப் பாருங்கள். குழாயின் வாய் பதிந்த இடத்தில் களிமண் எவ்வளவு கனம் எஞ்சியிருக்கிறதோ அதுவே இடைவெளி. கால் அங்குலத்துக்கும் அரை அங்குலத்துக்கும் நடுவே அது இருந்தால் மனநிம்மதியோடு என்ஜினைக் கிளப்பலாம்.

பெட்ரோல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கிராஸ்ஃப்ளோவின் கார்புரேட்டருக்கு மெல்லிய அழுத்தத்தில் பெட்ரோல் போனால் போதும்; இன்ஜெக்ஷன் என்ஜினுக்கோ ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தேவை. பழைய ரப்பர் குழாய்களை ஒன்றுவிடாமல் மாற்றி, அந்த அழுத்தத்துக்கென்றே செய்த குழாயும் கிளிப்பும் போட்டு, மிஞ்சும் பெட்ரோல் டாங்க்குக்குத் திரும்ப ஒரு தனிப்பாதையும் அமைக்கவேண்டும். வயரிங்கைப் பொறுத்தமட்டில், டோனர் காரிலிருந்து, அதாவது என்ஜினைக் கொடுத்த பழைய காரிலிருந்து, என்ஜின் வயர்க் கட்டையும் கம்ப்யூட்டரையும் வெட்டாமல் முழுசாக எடுத்து, ஒவ்வொரு கனெக்டரிலும் சீட்டுக் கட்டிவைத்தவர்கள் சிரமப்பட்டதை நான் கண்டதில்லை.

சட்டத்தையும் சற்று நினைவில் வையுங்கள். என்ஜின் எண்ணும் சி.சி.யும் மாறினால் பதிவுப் பத்திரத்தில் அதை ஏற்றவேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்கவேண்டும். 2009-ஆம் ஆண்டில், வீட்டில் கட்டிய கார்களைச் சோதிக்கும் தனிவாகன அங்கீகார முறை நடைமுறைக்கு வந்ததை நீங்கள் அறிவீர்கள். என்ஜினைமட்டும் மாற்றுவதும், அதற்காகச் சாஸியை வெட்டி உருமாற்றுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பின்னதைச் செய்தால் வண்டி மறுபடி சோதனைக்குப் போகவேண்டி வரக்கூடும். குழாய் எதையேனும் வெட்டுவதற்கு முன், இன்றுள்ள விதி என்னவென்று எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரேக்குகளையும் இந்தச் சந்தர்ப்பத்தில் பரிசீலிப்பது அவசியம்; பழைய என்ஜினின் 84 குதிரைசக்திக்குப் போதுமாயிருந்த பின்டிரம்கள் 115-க்கும் போதும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். கம்பெனியில் செய்த காருக்கு அச்சிட்ட கைப்புத்தகம் உண்டு. ஃபோர்டு அச்சும் மாஸ்டா பெட்டியும் உங்கள் கையால் செய்த மவுண்டிங்குகளும் கலந்த வண்டிக்கு, நீங்கள் எழுதினாலன்றிப் புத்தகம் கிடையாது. உலகத்தில் அது ஒன்றே ஒன்று. ஆகவே நல்ல கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டை வாங்கி, அச்சின் விகிதம், டயர் அளவு, ஷாஃப்ட்டின் நீளம், ஃபிளாஞ்ச் எந்தக் காருடையது, கிளட்ச் தட்டும் பேரிங்கும் எந்த ஆண்டு மாடலுடையவை, எந்த வயர் எங்கே போகிறது என்பவற்றையெல்லாம் தேதியிட்டு எழுதிவையுங்கள். நாளைக்கு வழியில் வண்டி நின்றால் அதைத் தூக்கிச் செல்லும் மெக்கானிக்குக்கும், என்றேனும் உங்களிடமிருந்து அதை வாங்கப் போகிறவருக்கும், அந்த நோட்டு என்ஜினைவிட விலை மதிப்புள்ளதாக இருக்கும். அதன் முதல் பக்கத்தை இந்த வாரமே நிரப்பிவிடுங்கள். பணத்தை எண்ணிக்கொண்டு என்ஜின் பேரம் பேசப் போவது அடுத்த வாரமாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
கார்ப் பித்தன் ஒருவன்